மரீ டிரெஸ்லர்: அறுபது வயசு தாண்டி ஹாலிவுட்டோட நம்பர் ஒன் ஆன கனடாக்காரம்மா

கேள்வி என்னன்னா, கனடால பொறந்து காமெடிப் படங்கள்ல பெரிய ஆளா வந்த நடிகை யாரு, அவங்க கெரியர் எப்படி போச்சு. இப்ப இருக்குறவங்க நிறைய பேர் ஹோம் அலோன் படத்துல அம்மாவா வந்த கேத்தரின் ஓ'ஹாராவைத்தான் சொல்வாங்க, அவங்க பெரிய ஆர்ட்டிஸ்ட், சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் படம் வர்றதுக்கு அறுபது வருஷம் முன்னாடியே ஒண்டாரியோல இருந்து போன ஒரு அம்மா, அதுவும் குண்டா, வயசாகி, அழகின்னு யாரும் சொல்லாத ஒரு அம்மா, அன்னைக்குப் பெரிய ஸ்டாருங்களா இருந்த கிரேட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், கிளார்க் கேபிள் எல்லாரையும் தாண்டி பாக்ஸ் ஆஃபீஸ்ல முதல் இடத்துல இருந்தாங்க. அவங்க பேரு மரீ டிரெஸ்லர். அமெரிக்கால தியேட்டர் ஓனர்கள் கிட்ட யாரு படத்துக்குக் கூட்டம் வருதுன்னு கேட்டு வருஷா வருஷம் ஒரு லிஸ்ட் போடுவாங்க, 1932லயும் 1933லயும் அந்த லிஸ்ட்ல முதல் பேரு இவங்களோடது. அப்ப அவங்களுக்கு வயசு அறுபத்தி நாலு, அறுபத்தி அஞ்சு. ஹாலிவுட்ல இந்த மாதிரி இன்னொரு கதை எனக்குத் தெரிஞ்சு கிடையாது, அதனால இவங்களைப் பத்தியே விரிவா எழுதுறேன்.

இவங்களைப் பத்தி எழுதுறவங்க வழக்கமா "கடைசி காலத்துல அதிர்ஷ்டம் அடிச்சுது"ன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல. நாப்பது வருஷம் ஸ்டேஜ்ல கத்துக்கிட்ட வேலை, பேசும் படம் வந்த நேரம், இவங்களுக்காகவே கதை எழுத ஒரு ரைட்டர், இந்த மூணும் சேர்ந்துதான் அது நடந்துச்சு. ஒண்ணொண்ணா சொல்றேன்.

பொறந்தது 1868 நவம்பர் 9, ஒண்டாரியோ ஏரிக்கரைல இருக்குற கோபர்க்ங்கிற ஊர்ல. டொராண்டோல இருக்குற நம்ம ஆளுங்க 401 ஹைவேல கிழக்கால போனா ஒரு மணி நேரம், டிராஃபிக் இருந்தா கொஞ்சம் கூட ஆகும், அவ்ளோதான் தூரம். அந்த வீடு 1989ல தீப்பிடிச்சு சேதமாகி அப்புறம் சரி பண்ணாங்க, அவங்க பேர்ல ஒரு ஃபவுண்டேஷனும் அங்க இருக்கு. இயற்பெயர் லீலா மரீ கோர்பர். அப்பா ஐரோப்பால இருந்து வந்த மியூசிக் வாத்தியார், சர்ச்ல ஆர்கன் வாசிப்பாரு, கோவக்காரரு, ஒரு ஊர்ல நிலையா இருக்க மாட்டாரு, அதனால குடும்பம் ஒண்டாரியோல சில ஊரு, அப்புறம் பார்டர் தாண்டி மிச்சிகன்னு அலைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பொண்ணு பதினாலு வயசுல வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராப் போற ஒரு நாடகக் கம்பெனில சேர்ந்துட்டாங்க. குடும்பப் பேரை ஸ்டேஜ்ல போடக்கூடாதுன்னு அப்பா சொன்னதால ஒரு அத்தையோட பேரை எடுத்துக்கிட்டாங்க, அதுதான் மரீ டிரெஸ்லர்.

அப்புறம் ஓபெரெட்டா, அதாவது பாட்டும் வசனமும் கலந்த லேசான இசை நாடகம், அந்தக் கம்பெனிகள்ல பல வருஷம். இதைச் சும்மா தாண்டிப் போயிடக்கூடாது, ஏன்னா அந்தக் கம்பெனிகள்ல இன்னைக்கு ராணி வேஷம், நாளைக்கு வேலைக்காரி, அடுத்த நாள் கோரஸ்ல, அதாவது கூட்டமா ஆடிப் பாடுறவங்களோட, பின்னாடி நிக்கணும், மைக் கிடையாது, கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேரணும், பாட்டு, டான்ஸ், டயலாக் எல்லாம் ஒரே ஆள் பண்ணணும். 1892ல நியூயார்க்ல பெரிய தியேட்டருங்க இருக்குற பிராட்வேக்கு வந்தாங்க, முதல் ஷோ சில வாரத்துல மூடிட்டாங்க. அந்த ஷோல சம்பந்தப்பட்ட மாரிஸ் பேரிமோர், அதாவது பின்னாடி சினிமால பேர் எடுத்த பேரிமோர் பிள்ளைங்களோட அப்பா, உனக்கு வர்றது காமெடிதான், அதுலயே போன்னு சொன்னதா டிரெஸ்லரே சொல்லியிருக்காங்க. சீரியஸ் நடிகை ஆகணும்னு ஆசை வெச்சிருந்த பொண்ணு அதைக் கேட்டு நடந்துக்கிட்டாங்க. 1896ல தி லேடி ஸ்லேவின்னு ஒரு மியூசிக்கல் காமெடி வந்து அவங்க பேரை நிலைநிறுத்திடுச்சு. லண்டனுக்குப் போய் முதல் தடவை பெரிய வெற்றி, ரெண்டாவது தடவை சொந்தமா ஷோ போட்டு கையைச் சுட்டுக்கிட்டு கடனோட திரும்பி வந்தாங்க. 1910ல டில்லீஸ் நைட்மேர்ங்கிற ஷோல போர்டிங் ஹவுஸ்ல மாடு மாதிரி உழைக்கிற ஒரு பொண்ணு, கண்ணை மூடினா பெரிய பெரிய கனவு காண்றவ, அந்த டில்லி கேரக்டர் அமெரிக்கா பூரா ஹிட்.

இந்த டில்லிதான் அவங்களை சினிமாவுக்குக் கூட்டிட்டு வந்துச்சு. கீஸ்டோன் ஸ்டூடியோ நடத்திக்கிட்டிருந்த மேக் சென்னட், அவரும் கனடாக்காரர்தான், கியூபெக்ல பொறந்தவர், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, ஏன்னா இந்தக் கதைல கனடாக்காரங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. 1914ல காமெடின்னா ஒரு ரீல், ரெண்டு ரீல்தான், பத்து இருபது நிமிஷத்துல முடிஞ்சிடும். சென்னட் ஆறு ரீல்ல ஒரு முழுநீள காமெடி எடுக்கணும்னு முடிவு பண்ணாரு, அவ்ளோ நேரம் ஜனங்களை உக்கார வைக்க ஒரு பெரிய பேரு வேணும், அந்தப் பேரு டிரெஸ்லர். படம் டில்லீஸ் பங்க்சர்டு ரொமான்ஸ், உலகத்துலயே முதல் முழுநீள காமெடிப் படம்னு பொதுவா இதைத்தான் சொல்வாங்க. கூட நடிச்சது மேபல் நார்மண்டும், அப்ப சினிமாவுக்கு வந்து ஒரு வருஷம் கூட ஆகாத சார்லி சாப்ளினும். சாப்ளினே டைரக்ட் பண்ணாம முக்கிய ரோல் பண்ண ஒரே முழுநீளப் படம் இதுதான், அதுல அவரு நாம பாத்த அந்த நாடோடி கிடையாது, கிராமத்துப் பொண்ணோட சொத்துக்கு ஆசைப்பட்டு அவளை ஏமாத்துற டவுன் ஃப்ராடு. பிற்காலத்துல திரும்ப ரிலீஸ் பண்ணப்ப சாப்ளின் பேரைப் பெருசா போட்டு வித்தாங்க, அதனால இன்னைக்கு நிறைய பேர் அதை சாப்ளின் படம்னு நினைக்கிறாங்க, ஆனா 1914ல டிக்கெட் வித்தது டிரெஸ்லரோட பேரு.

நேர்மையா சொல்றேன், அந்தப் படம் இப்ப பாக்க கொஞ்சம் கஷ்டம். எல்லாரும் எல்லாரையும் உதைக்கிறாங்க, தள்ளுறாங்க, விழறாங்க, டிரெஸ்லரும் ஸ்டேஜ்ல கடைசி வரிசைக்குக் காட்ட வேண்டிய மூஞ்சியை கேமராவுக்குப் பக்கத்துல காட்டுறாங்க, அது கூடுதலா தெரியுது. நாய்க்கு விளையாட்டு காட்ட செங்கல்லைத் தூக்கி எறிஞ்சு அது சாப்ளின் மேல விழற இடத்துல நல்லா சிரிக்கலாம், டான்ஸ் ஆடுற இடத்துல அந்தப் பெரிய ஒடம்பு எவ்ளோ லேசா திரும்புதுன்னு பாத்து ஆச்சரியப்படலாம், அவ்ளோதான். இதுல ஒடம்புதான் ஜோக். குண்டா இருக்குறவ விழுந்தா சிரிப்பு, காதலிச்சா சிரிப்பு. அடுத்த சில வருஷத்துல வந்த மத்த டில்லி படங்களும் இதே ரூட்டுதான், சினிமா கெரியர் அங்கயே நின்னுபோச்சு.

அடுத்த பத்து வருஷம்தான் அவங்க வாழ்க்கைலயே மோசமான காலம், ஆனா நான் அவங்களை ரொம்ப மதிக்கிறதும் அதுல வர்ற ஒரு விஷயத்துக்காகத்தான். முதல் உலகப்போர் சமயம் 1918ல சாப்ளின், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், மேரி பிக்ஃபோர்ட் (டொராண்டோல பொறந்தவங்க, அடுத்த கனடாக்காரி) இவங்களோட சேர்ந்து ஊர் ஊராப் போய் போர்ப் பத்திரம் வித்தாங்க. வாஷிங்டன்ல மேடைல பேசும்போது சாப்ளின் வழுக்கி டிரெஸ்லரைப் பிடிச்சு ரெண்டு பேரும் கீழ இருந்த ஒரு இளவயசு அதிகாரி மேல விழுந்தாங்க, அந்த அதிகாரி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்னாடி ஜனாதிபதி ஆனவரு. இது சாப்ளின் சொன்ன கதை.

அதுக்கு அடுத்த வருஷம், 1919 ஆகஸ்ட்ல, நியூயார்க்ல நாடக நடிகர்கள் ஸ்ட்ரைக். பெரிய நடிகர்களுக்காவது பேரம் பேச ஆள் இருந்துச்சு, கோரஸ் பொண்ணுங்க நிலைமைதான் மோசம். ரிஹர்சலுக்குச் சம்பளம் கிடையாது, வாரக்கணக்குல சும்மா வேலை பாக்கணும், ஆடுறதுக்கு வேண்டிய ஷூ, ஸ்டாக்கிங் எல்லாம் சொந்தக் காசுல வாங்கணும், ஷோ ஃப்ளாப் ஆனா வெளியூர்ல நடுத்தெருவுல நிக்கணும். டிரெஸ்லர் அந்தப் பொண்ணுங்க பக்கம் நின்னாங்க. கோரஸ் கலைஞர்களுக்குன்னு தனியா சங்கம் ஆரம்பிச்சப்ப அதோட முதல் பிரசிடெண்ட் இவங்கதான். இவங்க அப்ப ஸ்டார், ஐம்பது வயசு, சும்மா இருந்திருந்தா தயாரிப்பாளர்கள் கிட்ட நல்ல பேரோட இருந்திருக்கலாம், ஆனா தானும் ஒரு காலத்துல கோரஸ்ல நின்னவங்கங்கிறத மறக்கல. ஒரு மாசத்துல ஸ்ட்ரைக் ஜெயிச்சுது.

அப்புறம் வேலை குறைஞ்சுபோச்சு. ஸ்ட்ரைக்ல முன்னாடி நின்னதுக்கு தயாரிப்பாளர்கள் பழிவாங்குனாங்கன்னு அடிக்கடி சொல்வாங்க, அதோட காலமும் மாறிடுச்சு, 1920கள்ல ஒல்லியான, முடியை வெட்டிக்கிட்ட இளவயசுப் பொண்ணுங்கதான் ஃபேஷன், ஐம்பது தாண்டின பெரிய உருவத்துக்கு ரோல் எழுத யாரும் இல்ல. கூட வாழ்ந்த ஜேம்ஸ் டால்டனும் 1921ல இறந்துட்டாரு. 1924ல தன்னோட வாழ்க்கையைப் புத்தகமா எழுதுனப்ப தலைப்புலயே தன்னை அசிங்கமான வாத்துக்குஞ்சுன்னு போட்டுக்கிட்டாங்க. பாரிஸ்க்குப் போய் ஹோட்டல் நடத்தலாமான்னு யோசிக்கிற அளவுக்கு வந்துட்டாங்க.

1927ல ஆலன் டுவான்ங்கிற டைரக்டர், டொராண்டோல பொறந்தவரு, ஒரு சின்ன ரோலுக்குக் கூப்பிட்டாரு. கிட்டத்தட்ட அதே சமயம் எம்ஜிஎம் ஸ்டூடியோல ரைட்டர் பிரான்சஸ் மேரியன் இவங்களுக்காக வேலை பாக்க ஆரம்பிச்சாங்க. இந்தப் பேரை போல்டு எழுத்துல போடணும். அன்னைக்கு ஹாலிவுட்ல அதிகமா சம்பளம் வாங்குன ரைட்டர்கள்ல ஒருத்தர், ரெண்டு ஆஸ்கர் வாங்கினவங்க. வருஷங்களுக்கு முன்னாடி சான் பிரான்சிஸ்கோல ஒரு பத்திரிகைல புதுசா சேர்ந்த ரிப்போர்ட்டரா இருந்தப்ப டிரெஸ்லர் பேட்டி கொடுத்து உதவுனாங்க, அதை அந்தப் பொண்ணு மறக்கவே இல்ல. தோழி கஷ்டத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சதும் இவங்களையே மனசுல வெச்சு ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஸ்டூடியோல ஓகே வாங்கிட்டாங்க. படம் தி கலஹன்ஸ் அண்ட் தி மர்ஃபீஸ், காமெடி நடிகை பாலி மோரனோட ஜோடி. ஆனா ஐரிஷ் குடும்பங்களைக் குடிகாரங்களா காட்டிட்டாங்கன்னு ஐரிஷ் அமெரிக்கர்கள் பெரிய எதிர்ப்பு காட்டி, எம்ஜிஎம் படத்தையே வாபஸ் வாங்கிடுச்சு, இன்னைக்கு அந்தப் படம் முழுசா கிடைக்கிறதில்ல. திரும்பவும் சின்னச் சின்ன ரோல்தான். அதுல 1928ல வந்த தி பாட்சி மட்டும் தேடிப் பாருங்க, மேரியன் டேவிஸ்க்கு அம்மாவா வர்றாங்க, வீட்டையே ஆட்டிப் படைக்கிற அம்மா, மௌனப்படம்தான், ஆனா அந்த மூஞ்சி பேசுது.

அப்புறம் சத்தம் வந்துச்சு. 1929, 30ல பெரிய பெரிய மௌனப்பட ஸ்டாருங்க மைக்கைப் பாத்து நடுங்கிக்கிட்டிருந்தப்ப, நாப்பது வருஷமா குரலை வெச்சே பொழச்ச ஒரு அம்மாவுக்கு அது சொந்த ஊருக்கு வந்த மாதிரி. கார்போவோட முதல் பேசும் படம் அன்னா கிறிஸ்டி, 1930, ஸ்கிரிப்ட் பிரான்சஸ் மேரியன். துறைமுகத்துல ஒரு குடிகார வயசான பொம்பளை மார்த்தி, அந்த ரோலுக்கு டிரெஸ்லர்தான்னு மேரியன் பிடிவாதமா நின்னாங்க. "கார்போ பேசுறார்"ன்னு சொல்லியே விளம்பரம் பண்ண படம், ஆனா கார்போ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் போல ஓடிடும், அது வரைக்கும் படத்தைத் தாங்குறதுல பெரும் பங்கு டிரெஸ்லரோடது. அந்த பார் டேபிள்ல ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து பேசுற சீன்ல, கார்போ தன் கதையைச் சொல்லச் சொல்ல டிரெஸ்லர் குடிபோதைக் கண்ணோட கேட்டுக்கிட்டே இருப்பாங்க, வர்ற பொண்ணு யாருன்னு புரியறப்ப அந்தக் கண்ணு கொஞ்சம் கொஞ்சமா தெளியும். சிரிப்பும் பரிதாபமும் ஒரே மூஞ்சில ஒரே நேரத்துல. 1914ல இருந்த ஆளா இதுன்னு தோணும். ஒடம்பு அதே ஒடம்புதான், ஆனா இப்ப அது ஜோக் கிடையாது, ஒரு வாழ்க்கை பூரா பட்டது அதுல தெரியுது.

அதே வருஷம் மின் அண்ட் பில். கதை பிரான்சஸ் மேரியன், டைரக்‌ஷன் அப்ப அவங்க வீட்டுக்காரரா இருந்த ஜார்ஜ் ஹில், கூட நடிச்சவரு வாலஸ் பீரி. துறைமுகத்துல மலிவான லாட்ஜ் நடத்துற மின், யாரோ விட்டுட்டுப் போன ஒரு பொண்ணை வளர்க்குறாங்க. பீரியை அறைக்குள்ள வெச்சு கையில கிடைச்சதையெல்லாம் எடுத்துச் சாத்துற ஒரு சீன் இருக்கு, பழைய கீஸ்டோன் அடிதடி பூரா அதுல இருக்கு. ஆனா அதே படத்துல, அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்னா இந்த இடத்தை விட்டுப் போகணும்னு தெரிஞ்சு, பாசத்தைக் காட்டாம கடுகடுன்னு பேசி அனுப்பி வைப்பாங்க. முடிவைச் சொல்லிடுறேன், வேண்டாம்னா அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. பொண்ணு கல்யாணம் ஆகி கப்பல் ஏறுது, பெத்தவ திரும்பி வந்து எல்லாத்தையும் கெடுக்கப் பாக்குறா, மின் அவளைச் சுட்டுடுறாங்க. கரைல கூட்டத்துக்குள்ள நின்னுக்கிட்டு பொண்ணு சந்தோஷமா போறதைப் பாக்குறப்பவே போலீஸ் வந்து கையைப் பிடிக்குது. அந்த மூஞ்சியை அப்ப பாருங்க. பொண்ணு தன்னைத் தேடுறது தெரிஞ்சும் கூப்பிட மாட்டாங்க.

இந்த ரோலுக்கு ஆஸ்கர். விழா 1931 நவம்பர் 10, அதாவது அவங்களுக்கு 63 வயசு முடிஞ்ச மறுநாள். விருதைக் கொடுத்தது நார்மா ஷீரர், மான்ட்ரியல்ல பொறந்தவங்க. அதுக்கு முந்தின ரெண்டு தடவை சிறந்த நடிகை யாருன்னு பாத்தீங்கன்னா மேரி பிக்ஃபோர்ட், நார்மா ஷீரர். மூணு தடவை தொடர்ந்து கனடால பொறந்த நடிகைகளே சிறந்த நடிகை. ஹாலிவுட்டை அமெரிக்கக் கதையா மட்டும் படிச்சவங்களுக்கு இது அதிர்ச்சியா இருக்கும்.

நடுவுல பாலி மோரனோட சேர்ந்து வரிசையா காமெடிகள், காட் ஷார்ட், ரெட்யூசிங், பாலிடிக்ஸ், ப்ராஸ்பெரிட்டி. 1929 அக்டோபர்ல ஷேர் மார்க்கெட் விழுந்துச்சு, சில மாசத்துலயே காட் ஷார்ட், அதுல ரெண்டு லாட்ஜ் ஓனரம்மாக்கள் ஷேர்ல காசு போடுறாங்க. ப்ராஸ்பெரிட்டில பேங்க் கவிழுது. வேலை போயி, சேமிப்பு போயி உக்காந்திருந்த ஜனங்களுக்கு இது நேரா அவங்க வீட்டுக் கதை. டிரெஸ்லர் நம்பர் ஒன் ஆனதுக்கு என்னோட விளக்கம் இதுதான்: அந்தக் காலத்துல தியேட்டருக்கு வந்த அம்மாக்கள், மாமியாருங்க, வாடகை கட்டத் திண்டாடுன விதவைகள், இவங்களுக்குத் திரைல தங்களை மாதிரி இருந்த ஒரே ஸ்டார் இவங்கதான். விழுந்தாலும் எந்திரிச்சுப் பாவாடையைத் தட்டிவிட்டுட்டு அடுத்த வேலையைப் பாக்குற ஒரு பொம்பளை. ஜோக்ஸ் நிறைய பழசாயிடுச்சு, குறிப்பா ரெட்யூசிங்ல ஒடம்பு எடையை வெச்சு பண்ற காமெடி எனக்கு இப்ப சிரிப்பு வரல. 1932ல வந்த எம்மாவுக்கு ரெண்டாவது ஆஸ்கர் நாமினேஷன் கிடைச்சுது, வீட்டு வேலைக்காரம்மா முதலாளி பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்குற கதை, நடிப்பு அருமை, ஆனா கதை அழ வைக்கணும்னே எழுதின மாதிரி இருக்கு.

1933ல டின்னர் அட் எய்ட், ஜார்ஜ் குக்கர் டைரக்‌ஷன். இதுல வேலைக்காரி கிடையாது, லாட்ஜ் ஓனரம்மா கிடையாது, ஒரு காலத்துல பேரழகியா இருந்து இப்ப கைல காசு கம்மியான பழைய நாடக நடிகை கார்லோட்டா வான்ஸ். அறுபத்தி நாலு வயசுல, அழகில்லன்னு சொல்லிச் சொல்லியே பொழப்பு நடத்துன ஒருத்தர் முன்னாள் பேரழகியா நடிக்கிறாங்க, நாமளும் நம்புறோம். அந்தக் கடைசி சீன் சினிமா காமெடில என்னைக்கும் நிக்கும். எல்லாரும் சாப்பாட்டு ரூமுக்குப் போறாங்க, ஜீன் ஹார்லோ பளபளன்னு சாட்டின் டிரஸ்ல பக்கத்துல நடந்து வந்து, நான் அன்னைக்கு ஒரு புக்கு படிச்சேன்னு சொல்றாங்க. அவ்ளோதான், டிரெஸ்லர் நடந்துக்கிட்டிருந்தவங்க அப்படியே நின்னுடுவாங்க, மொத்த ஒடம்பும் ஒரு குலுங்கு குலுங்கும், புக்கா, நீயான்னு கேக்குற மூஞ்சி. ஹார்லோ கண்டுக்காம, மெஷின் வந்து எல்லாத் தொழிலையும் எடுத்துக்குமாமேன்னு சொல்வாங்க. டிரெஸ்லர் அந்தப் பொண்ணை மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமா ஒரு பார்வை பாத்துட்டு, அதைப் பத்தி நீ என்னைக்கும் கவலைப்பட வேண்டியதே இல்லம்மான்னு சொல்லிட்டு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. அந்த நிக்கறதையும் அந்தப் பார்வையையும் மட்டும் தனியா ஓட்டிப் பாருங்க. எவ்ளோ நேரம் நிக்கணும், பார்வை எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும், எப்ப வாயைத் திறக்கணும், ஒரு நொடி முன்ன பின்ன போனா சிரிப்பு கிடையாது. அதைத்தான் மேல ஸ்டேஜ்ல கத்துக்கிட்ட வேலைன்னு சொன்னேன்.

அதே வருஷம் டக்போட் ஆனி, திரும்ப வாலஸ் பீரியோட, இழுவைப் படகு ஓட்டுற கேப்டனம்மா, சியாட்டல்ல போய் ஷூட் பண்ணது, பெரிய ஹிட். 1933 ஆகஸ்ட் 7 டைம் பத்திரிகை அட்டைல அவங்க படம். இதெல்லாம் நடக்குறப்ப அவங்களுக்கு கேன்சர். எம்ஜிஎம் முதலாளி லூயிஸ் மேயர் டாக்டர் மூலமா தெரிஞ்சுக்கிட்டு முதல்ல அவங்ககிட்ட மறைச்சாரு, அப்புறம் ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டும் ஷூட்டிங் வெச்சாங்க. கடைசிப் படம் கிறிஸ்டோஃபர் பீன், அதுவும் 1933தான். 1934 ஜூலை 28 சான்டா பார்பராவுல இறந்துட்டாங்க, வயசு 65. பல வருஷம் கூட இருந்து வேலை பாத்த கறுப்பினத் தம்பதிக்கு உயில்ல பெரிய தொகை எழுதி வெச்சிருந்தாங்க. கனடா தபால் துறை 2008ல ஹாலிவுட் போன கனடாக்காரங்க வரிசைல அவங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டுச்சு, அதுலயும் பக்கத்துல நார்மா ஷீரர் இருக்காங்க.

எதுல ஆரம்பிக்கறதுன்னா, டின்னர் அட் எய்ட் முதல்ல, ஏன்னா அது இன்னைக்கும் அப்படியே ஓடுது, பேரிமோர் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதுல இருக்காங்க. அடுத்து மின் அண்ட் பில், அப்புறம் அன்னா கிறிஸ்டி. இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுக்கோங்க, அந்தக் கால சவுண்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும். டில்லீஸ் பங்க்சர்டு ரொமான்ஸ் காப்பிரைட் முடிஞ்ச படம், ஃப்ரீயாவே கிடைக்கும், ஆனா வெட்டிச் சுருக்கின காப்பி நிறைய சுத்துது, இருக்குறதுலயே நீளமான காப்பியா பாத்து எடுங்க, மத்ததெல்லாம் பாத்து முடிச்சுட்டு அதுக்கு வாங்க, அப்பதான் இருபது வருஷத்துல அவங்க எவ்ளோ தூரம் வந்தாங்கன்னு பிடிபடும்.